நீர்க்கணக்கில் விடுபட்டவர்கள்

புத்தூரிலிருந்து சுன்னாகம் செல்லும் வீதியோரத்தில், நவக்கிரியில், நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமன் தன் வானரப் படையின் தாகந் தீர்க்க அம்பெய்து நிலத்தைப் பிளந்து நீர் வருவித்தான் என்பது அக்கிணற்றைப் பற்றிய ஐதிகம். அதற்கு அடி இல்லை என்பது இரண்டாவது ஐதிகம். எவ்வளவு இறைத்தாலும் அது குறையாது என்பது மூன்றாவது. முதலிரண்டும் சிறுவர்க்குச் சொல்லும் கதைகளாகக் கழிந்துவிடக் கூடியவை. மூன்றாவது அவ்வாறன்று. அது எமது குடாநாட்டின் விவசாயத்தையும், நீர் பற்றிய திட்டங்களையும், ஓரளவுக்கு எமது இலக்கியத்தையுங்கூட ஆண்டு வந்திருக்கிறது. ஆகவே அதனைச் சற்று விரிவாக ஆராய்தல் அவசியமாகிறது.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். கிணற்றின் பெருமை எழுதப்பட்ட பலகையை அவர்கள் வாசித்து முடித்ததும், குத்தகை நிலத்தில் வெங்காயம் வைக்கும் ஒருவரின் மகன் கேட்டான்: “சேர், இந்தத் தண்ணி குறையாதெண்டால் எங்கட தோட்டக் கிணறு ஏன் சித்திரையில சவர்க்குது? ரண்டுக்கும் கீழ ஒரே தண்ணிதானே?” அன்று நான் அவனுக்கு முழுமையான விடை கூறவில்லை. விடை என்னிடம் இல்லாமலில்லை. அதனைக் கூறத் தொடங்கினால் புவியியலோடு நிற்க முடியாது என்பதே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1859 இல் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய நூலில் புத்தூர்க் கிணற்றைக் குறிப்பிடுகிறார். நீர்மட்டம் கடலின் வற்றுப்பெருக்குப் போலச் சில அங்குலம் ஏறி இறங்குவதையும், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதையும் அவர் எழுதியுள்ளார். அந்நீரைப் பெருமளவில் இறைத்து அயல் நிலங்களுக்குப் பாய்ச்சும் எண்ணம் ஆங்கில ஆட்சியாளருக்கு அவருக்கு முன்பே தோன்றியிருந்தது. கிணறு குறையாதது உண்மையே. ஆனால் குறையாமைக்குக் காரணம் அதன் வளமன்று. அதன் கீழ்வழிகள் கடலோடு தொடர்புற்றிருப்பதே. நாம் மேலே ஒரு பங்கு நன்னீரை எடுத்தால், கீழே அவ்விடத்தைக் கடல் வந்து நிரப்புகிறது. மட்டம் மாறுவதில்லை, சுவை மாறுகிறது. வற்றாத கிணறு என்று நாம் பெருமைப்படுவது, கணக்குப் புத்தகத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து அதில் எவ்வளவு கடன் என்று பாராத வியாபாரியின் பெருமையை ஒத்தது.

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைநீர் அதனைக் கரைத்துக் கரைத்து வெடிப்புக்களும் குகைகளுமாக ஆக்கியிருக்கிறது. நிலாவரையும் அத்தகைய குகையொன்றின் கூரை இடிந்து திறந்த வாயே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே எமது ஒரே வருமானம். அம்மழை செம்பாட்டு மண்ணூடாகக் கசிந்து சுண்ணக்கல்லில் தங்குகிறது. தங்கும்போது கடலிலிருந்து உட்புகுந்து கிடக்கும் உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீர் உவர்நீரிலும் சிறிதே இலேசானது. உவர்நீரின் அடர்த்தி நன்னீரினதிலும் நாற்பதில் ஒரு பங்களவே அதிகம். கைபென், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்டறிந்த விதியொன்று இதிலிருந்து பிறந்தது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். இவ்விதியை மறுபுறமாக வாசித்தால்தான் எமக்கு அச்சம் பிறக்கும். இறைப்பினால் மேலே ஓரடி இறங்கி அப்படியே நிலைத்துவிட்டால், காலப்போக்கில் கீழே உவர்நீர் நாற்பது அடி ஏறும். மாணவனின் கேள்விக்கு முதல் விடை இது. அவன் வீட்டுத் தோட்டக் கிணறும் நிலாவரையும் ஒரே வில்லையில் திறந்த இரண்டு வாய்களே. சித்திரையில் வில்லை மெலிகிறது. அவன் கிணற்றின் அடியைக் கடல் தொடுகிறது.

இனி, இந்த வில்லையின் வரவு செலவை எவ்வாறு கணிப்பது? குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது அங்குல மழை பெய்கிறது. ஓர் ஏக்கரில் ஓரங்குல மழை என்றால் 22,600 கலன் நீர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகையால், பரப்பொன்றுக்கு ஏறத்தாழ 1,400 கலன். ஐம்பது அங்குலத்துக்குப் பரப்பொன்றில் எழுபதினாயிரம் கலன் விழுகிறது. கேட்பதற்குப் பெருந்தொகை. ஆனால் எமது வெயிலில் திறந்த நீர்ப்பரப்பொன்றிலிருந்து ஓராண்டில் ஆவியாகக் கூடிய நீர், ஓராண்டு மழையிலும் அதிகம். ஒரு பங்கு ஆவியாகிறது. ஒரு பங்கைப் பயிரும் மரமும் குடித்து இலைவழியே விடுகின்றன. ஒரு பங்கு தரவைகளிலும் வாய்க்கால்களிலும் ஓடிக் கடனீரேரியை அடைந்து கடலோடு சேர்கிறது. மிஞ்சுவதே தரைக்கீழ் நீராகிறது. அதிலும் ஒரு பகுதி நிலத்தடி வழியே கரையோரமாகக் கடலிற் கசிகிறது. அக்கசிவு வீணன்று; கடலை வெளியே நிறுத்தி வைப்பது அதுவே. எஞ்சியதைத்தான் நாம் இறைத்துப் பயன்படுத்தலாம்.

இவ்வரவு செலவைக் கணனியில் அமைத்துப் பார்க்கும் முறையை நீரியல் அறிஞர் ‘மாதிரி’ என்பர். நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மழை இவ்வளவு, ஆவியாதல் இவ்வளவு, கல்லின் நீர் கடத்தும் தன்மை இவ்வளவு, இறைப்பு இவ்வளவு என்று இலக்கங் கொடுத்து, 1856 இல் டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் கண்ட விதியின்படி நீர் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதைக் கணிப்பார்கள். அமெரிக்கப் புவியியல் அளவையகம் 1984 இல் வெளியிட்ட ‘மொட்ஃப்ளோ’ என்னும் நிரல் இன்று உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. குளம், ஏரி, கடனீரேரி ஆகியவற்றின் மேற்பரப்பு நீரையும், அவற்றின் அடியிலுள்ள தரைக்கீழ் நீரையும் ஒரே கணக்கிற் கொணர்வது இம்முறையின் சிறப்பு. இரண்டும் ஒரே நீர் என்பதை இது நிறுவுகிறது. ‘என் காணிக் கிணறு, என் தண்ணீர்’ என்னும் தனியுடைமை எண்ணத்துக்கு இதைவிட வலிய மறுப்பை எந்த மேடைப் பேச்சும் தந்துவிட முடியாது. வேலி நிலத்தின் மேல்தான் இருக்கிறது. கீழே வேலி இல்லை. ஆகவே நான் மாதிரிக் கணக்குகளின் பகைவனல்லன். அவற்றை முற்போக்காளர் கற்க வேண்டும் என்பதே என் கருத்து. கற்றபின் விமர்சிக்கவும் வேண்டும்.

விமர்சனம் இரண்டு. முதலாவது அறிவியலுக்கு உட்பட்டது. டார்சியின் விதி மணல் போன்ற நுண்டுளை ஊடகத்தில் நீர் மெல்லக் கசிவதற்குரியது. எமது சுண்ணக்கல்லிலோ நீர் சில இடங்களிற் கசிகிறது. சில இடங்களிற் குகைவழியே குழாயில் ஓடுவது போல் ஓடுகிறது. கட்டத்துக்கு ஒரு சராசரி இலக்கம் கொடுத்தால் நிலாவரை போன்ற வழிகள் அச்சராசரிக்குள் மறைந்துவிடும். இக்குறையை அறிஞர்களே அறிவர், திருத்தவும் முயல்கின்றனர்.

இரண்டாவது குறையை அவர்கள் குறையாகக் கருதுவதே அரிது. கணக்கிலுள்ள எல்லா இலக்கங்களிலும் மிகப் பலவீனமானது ‘இறைப்பு’ என்னும் இலக்கம். மழையை அளக்க மானி உண்டு. நீர்மட்டத்தை அளக்க நாடா உண்டு. உவர்ப்பை அளக்கக் கருவி உண்டு. குடாநாட்டின் பல்லாயிரக்கணக்கான தனியார் கிணறுகளில் நாளொன்றுக்கு எவர் எவ்வளவு இறைக்கிறார் என்பதை அளப்பார் இலர். ஆகவே சனத்தொகையை ஒரு சராசரியாற் பெருக்கி, பயிர் நிலத்தை இன்னொரு சராசரியாற் பெருக்கி, அக்கட்டத்தை நிரப்பிவிடுகிறார்கள். சராசரி மனிதன் ஒருவன் சராசரிக் கிணறொன்றில் நீர் அள்ளுகிறான். இவன் எந்தச் சாதியைச் சேர்ந்தவன்? இவனுக்குக் காணி உண்டா? இவன் கிணறு எத்தனை அடி ஆழம்? அதில் மின்மோட்டார் உண்டா, கப்பியும் வாளியும் மட்டுந்தானா? கணக்கு கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இக்கேள்விகளைக் கேளாமல் தண்ணீரைப் பற்றி ஒரு வாக்கியமேனும் உண்மையாக எழுத முடியாது என்பதை எமது வரலாறு காட்டுகிறது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, காணிக்காரருக்கிடையே உள்ள உரிமைகளை நுணுக்கமாக வகுத்தது. இன்றும் எமது உறுதிகளில் ‘கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும்’ எழுதப்படுகின்றன. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைக்கும் ஒழுங்கு, ஒருவகையிற் பார்த்தால், சிறந்த கூட்டு நீர்க்கணக்கே. ஆனால் அப்பங்கு எழுதப்பட்ட உறுதியில் யாருடைய பெயர் இல்லை என்று பார்க்க வேண்டும். துலா மிதித்தவனின் பெயர் இல்லை; பட்டை பிடித்தவனின் பெயர் இல்லை; தண்ணீர் கட்டியவனின் பெயர் இல்லை. அதே தேசவழமை அடிமைகளைச் சொத்தாகவே கருதியது. 1844 இல் அடிமைமுறை சட்டப்படி நீங்கிய பின்னும், ஒடுக்கப்பட்ட மக்கள் தமது கைகளாலேயே தோண்டிய கிணறுகளுக்குப் பக்கத்தில் குடத்தை வைத்துவிட்டு, உயர்சாதியினர் எவரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தனர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததனால் வாளி கைமாறிவிடவில்லை. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின் தேநீர்க் கடைகளிலும் மாவிட்டபுரக் கோயில் வாயிலிலும் நடந்த போராட்டங்களுமே நிலைமையை அசைத்தன.

ஆக, தண்ணீர் வில்லையின் தடிப்பு பற்றாமையாற் சிலர் தாகமாயிருந்தனர் என்பது பொய். வில்லை தடித்திருந்த காலத்திலேயே, கிணறு நிறைந்து நின்ற மார்கழியிலேயே, அவர்கள் தாகமாயிருந்தனர். நீர்ச்சமநிலை மாதிரி அவ்வாண்டுகளுக்கு ஓடவிடப்பட்டால் ‘மிகை’ என்றே விடை தரும்.

இவ்விடத்தில் எமது இலக்கியத்தின் பணியைப் பாராட்டியாக வேண்டும். பொறியியலாளர் எழுதாத இக்கணக்கை எழுதியவர்கள் எமது எழுத்தாளர்களே. டொமினிக் ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதியின் பெயர் ‘தண்ணீரும் கண்ணீரும்’. இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு அதற்குக் கிடைத்தமை, ஒடுக்கப்பட்டோரின் வாழ்விலிருந்து பிறந்த எழுத்துக்குக் கிடைத்த அங்கீகாரமாயிற்று. ‘பஞ்சமர்’ எழுதிய கே. டானியல், பின்னாளில் ‘தண்ணீர்’ என்ற பெயரிலேயே ஒரு நாவலை எழுதினார். சங்ககாலத்திற் குடபுலவியனார் பாண்டியனை நோக்கி நீரைத் தேக்குமாறு கூறினார் என்று நாம் வகுப்பிற் கற்பிக்கிறோம். புலவன் அரசனுக்கு நீர்க்கணக்கு உரைத்த மரபு அது. ஜீவாவும் டானியலும் அம்மரபின் அடுத்த படியை ஏறினர். தேக்கிய நீர் யாருக்கு என்று கேட்டனர்.

ஆனால் பாராட்டோடு நின்றுவிடுவது விமர்சகனின் கடமையாகாது. எமது முற்போக்கு எழுத்து, கிணற்றடியில் மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான முரண்பாட்டைக் கண்டது. கிணற்றின் உள்ளே இருந்த நீரை அது மாறாததாகவே எடுத்துக்கொண்டது. கதவு திறந்தால் தண்ணீர் அங்கே இருக்கும் என்னும் நம்பிக்கை அக்கதைகளின் அடியில் ஓடுகிறது. அன்றைய போராட்டத்துக்கு அந்நம்பிக்கை போதுமாயிருந்தது. அதற்காக அவ்வெழுத்தாளரைக் குறை கூறுதல் அநீதி. குறை, அவர்களுக்குப் பின் வந்த எம்முடையது. நிலாவரையின் மூன்றாவது ஐதிகம், ஐதிகங்களையெல்லாம் மறுத்த எமது எழுத்துக்குள்ளேயும் சத்தமின்றி வாழ்ந்திருக்கிறது என்பதை நாம் இப்போதாவது உணர வேண்டும்.

இதற்கு நேர்மாறான இன்னொரு வகை எழுத்தும் இன்று பெருகி வருகிறது. ஊரைப் பிரிந்து சென்றவரும் ஊரிலேயே இருப்பவருமாகப் பலர், துலாவையும் ஆடுகாலையும் பட்டையையும் வாய்க்காலில் ஓடிய தண்ணீரையும் நினைந்து உருகி எழுதுகின்றனர். துலாக் காலத்தில் நீர் அளவோடு இறைக்கப்பட்டது, கிணறு சவர்க்கவில்லை என்பர். கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அந்த அளவை நிர்ணயித்தது முன்னோரின் அறிவு மட்டுமன்று. துலா மிதித்த மனிதனின் காலும் மூச்சும். அதிகாலை தொடங்கி வெயிலேறும் வரை அந்தரத்தில் முன்னும் பின்னுமாக நடந்தவன் களைத்தபோது இறைப்பு நின்றது. அவனை விட்டுவிட்டுத் துலாவை மட்டும் நினைவிற் பேணுவது அழகுணர்ச்சியாகலாம், உண்மையாகாது.

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. துலா மிதித்தவனின் கால்கள் ஓய்ந்தன; அது வரவேற்கத்தக்கதே. ஆனால் இறைப்புக்கு இருந்த ஒரே எல்லையும் அதனோடு நீங்கிற்று. 1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது மிளகாயும் வெங்காயமும் பொன்னாயின. வலிகாமத்துச் செம்பாட்டு நிலம் முழுவதும் இயந்திரங்களின் ஓசை கேட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளின்றி அவை வாயடைத்தன. பின்னர் மின்மோட்டாராக மீண்டும் பேசத் தொடங்கின. நீரோடு உரமும் போயிற்று. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும், கிணற்றுக்கு அருகே அமைந்த மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றின. அதன் அளவு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியதை 1980கள் முதலே ஆய்வுகள் கூறி வந்துள்ளன. அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும் அபாயமுண்டு.

இங்கே கணக்கின் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். தோட்டத்துக்கு இறைத்த நீரில் ஒரு பகுதி மீண்டும் மண்ணூடாகக் கீழிறங்கி வில்லையைச் சேர்கிறது. நீர்ச்சமநிலைக் கணக்கில் இது வரவுப் பக்கத்தில் எழுதப்படும். அளவு மட்டும் பார்த்தால் வரவுதான். ஆனால் அது உரத்தையும் நஞ்சையும் சுமந்து திரும்பும் வரவு. சுன்னாகத்திலும் இதுவே வேறு வடிவில் நிகழ்ந்தது. மின்னிலைய எண்ணெய்க் கழிவு அயற் கிணறுகளிற் கலந்தபோது, ஒரு கிணற்றின் நீர்மட்டமேனும் இறங்கவில்லை. நீர் இருந்தது, குடிக்க முடியவில்லை. மக்கள் தாங்கியில் வரும் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்திருந்தனர். 2019 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிமன்றம் பாதிப்புற்றோருக்காக இரண்டு கோடி ரூபாய் இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது. 1966 இல் ஊர்வலம் புறப்பட்ட அதே சுன்னாகம்! அன்று ஒரு சாராரின் குடம் கிணற்றடியிற் காத்திருந்தது. பின்னர் எல்லாருடைய குடமும் வீதியோரத்திற் காத்திருந்தது. இதைச் சமத்துவம் என்று எவரும் கூறார். எல்லாருடைய குடம் என்பதுங்கூட முழு உண்மையன்று. போத்தல் தண்ணீர் வாங்க வல்லவனும், இன்னோர் ஊரில் ஆழ்துளைக் கிணறு அடிக்க வல்லவனும் அவ்வரிசையில் நெடுநாள் நிற்கவில்லை.

தரைக்கீழ் நீரின் கதை இவ்வாறாக, மேற்பரப்பு நீரின் கதையும் இதனோடு பிணைந்ததே. மாரியில் ஓடும் நீர் உப்பாற்றிலும் வடமராட்சிக் கடனீரேரியிலும் சேர்ந்து வீணே கடலுக்குப் போகிறது. அவற்றின் வாயில்களில் தடுப்பணை இட்டு உவர்நீரை வெளியே நிறுத்தி, மழைநீரை உள்ளே தேக்கினால், கடனீரேரி மெல்ல மெல்ல நன்னீராகும். அந்நீரின் அழுத்தத்தால் அயலிலுள்ள சுண்ணக்கல்லும் நிரம்பும் என்பது பழைய எண்ணம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தது அதன் பயன். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் இதனை விரித்து, கனகராயன் ஆறு வந்து சேரும் ஆனையிறவுக் கடனீரேரியையும் நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சிக்குக் கொணரும் திட்டத்தை வகுத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அது புகழ்பெற்றது. வேலைகள் தொடங்கின, முற்றுப்பெறவில்லை. பராமரிப்பும் போரும் சேர்ந்து, கட்டியவற்றையும் பழுதாக்கின.

இத்திட்டத்தின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றை ஆழமாக்கும் சிந்தனையிலிருந்து, குடாநாடு முழுவதையும் ஒரே நீர்நிலையாகக் காணும் சிந்தனைக்கு அது எம்மை அழைத்துச் சென்றது. எனினும் இங்கேயும் விடுபட்டவர் உளர். கடனீரேரி என்பது கணக்கில் ஒரு கொள்கலன். அதில் இறால் பிடித்து உண்ணும் குடும்பங்களுக்கோ அது வயல். உவர்நீர் ஓரளவு வந்து போகாவிட்டால் அவர்கள் வயல் அழியும். தோட்டக்காரனின் நன்னீர் மீனவனின் பசியாகக் கூடாதெனின், கதவை எந்த மாதம் திறப்பது, எந்த மாதம் மூடுவது என்பதை மீனவரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். அவ்வாறே, 2010 ஆம் ஆண்டளவில் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழி கொணரும் திட்டம் வந்தபோது, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தில் பலர் அதனைப் பிரதேச வாதம் என்றனர். இரணைமடுவின் கீழ் நெல் விதைப்பவன் வறட்சியாண்டில் எதை இழப்பான் என்று அவர்கள் கேட்டிலர். போரினால் யாவும் இழந்து மீளக் குடியேறிய உழவனிடம், கிணறுகளை உரத்தாற் கெடுத்துக்கொண்ட நாம் தண்ணீர் கேட்டுச் சென்றோம் என்பதே உண்மை. முடிவில் 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்பது அதன் திறன். குடிநீருக்கு அது உதவும். ஆனால் அந்நீர் மின்சாரத்தாற் பிழியப்படும் நீர். அதற்கு விலையுண்டு, கட்டணப் பட்டியலும் உண்டு. காலடியிலுள்ள இலவச நீரை நஞ்சாக்கிவிட்டுக் கடலை விலைக்கு வாங்கும் நிலையில், அக்கட்டணத்தின் சுமை எவர் தோளில் அதிகம் அழுத்தும் என்பதை இவ்விதழின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

கணக்கிற் சிலரை விட்டுவிடுவது முதலாளித்துவத்தின் குற்றம் மட்டுமே என்று நாம் ஆறுதல் அடைந்துவிடவுங் கூடாது. உலகின் நான்காவது பெரிய ஏரியாயிருந்த ஆரல் கடல், 1960கள் முதல் வற்றத் தொடங்கியது சோவியத் திட்டமிடலின் கீழேயே. அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு நதிகளும் பருத்திக்காகத் திருப்பப்பட்டன. பருத்தி விளைந்தது, ஏரி பின்வாங்கிற்று, மீனவரின் படகுகள் உப்பு மணலில் நின்றன. இயற்கையின் மீது மனிதன் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் அது பழிவாங்கும் என்று எங்கெல்ஸ் எச்சரித்ததை, அவர் படத்தை மாட்டியிருந்த அலுவலகங்களே மறந்தன. பொதுவுடைமை என்ற சொல் நீர்க்கணக்கைத் தானாகச் சரிசெய்துவிடாது. திட்டமிடுபவனிடம் மீனவன் கேள்வி கேட்கும் உரிமை இருந்தாலன்றிக் கணக்கு திருந்தாது.

எனின், செய்ய வேண்டுவது யாது? பெரிய திட்டங்கள் வரும், போகும். நாம் உடனே தொடங்கக் கூடியவை சில உள. நீர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல்கலைக்கழக நூலகங்களில் உறங்குகின்றன. அவற்றின் முடிவுகள் தமிழில், தோட்டக்காரர் வாசிக்கக் கூடிய நடையில் வெளிவர வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் குறித்த சில கிணறுகளில் மாதந்தோறும் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து, அவ்வளவைக் கோயில் மதிலிலும் சனசமூக நிலையத்திலும் எழுதிவைக்க வேண்டும். நாடாவும் சிறு கருவியொன்றும் இருந்தால் பள்ளி மாணவரே இதனைச் செய்வர். அக்கிணறுகளைத் தெரியும்போது, காணிக்காரரின் ஆழக் கிணற்றோடு, கடனீரேரிக் கரையில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பிலுள்ள ஆழமற்ற கிணறும் கட்டாயம் இடம்பெற வேண்டும். உவர் முதலில் எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். உறுதியில் எழுதப்பட்ட பங்குக் கிணற்று முறையை, உறுதியில் பெயரில்லாதவருக்கும் உரிய ஊர்முறையாக விரிக்க வேண்டும். இவ்வளவும் நடந்தால், மாதிரியில் ‘இறைப்பு’ என்னும் கட்டத்தில் எழுத உண்மையான இலக்கமொன்று கிடைக்கும். அறிவியலுக்கும் அது உதவி.

எழுத்தாளருக்கும் ஒரு வார்த்தை. எமது அடுத்த கிணற்றுக் கதையில், வாளியைத் தடுத்த கை மட்டும் வந்தாற் போதாது. தடை நீங்கி, வாளி இறங்கி, ஏறி வந்தபின், அதிலுள்ள நீரை வாயில் வைத்தவளின் முகம் சுளிப்பதும் வரவேண்டும். அவள் பாட்டிக்கு மறுக்கப்பட்ட நீர் அது. போராடிப் பெற்ற உரிமையை, அவள் கைக்கு வந்துசேரும் வேளையிற் கெடுத்தவர் யார் என்னும் கேள்வி அக்கதையில் எழ வேண்டும். அதற்கு எழுத்தாளன் வில்லையின் தடிப்பையும், நைத்திரேற்றின் வழியையும், கடனீரேரிக் கதவின் நிலையையும் கற்றிருக்க வேண்டும். அது கலைக்கு இழுக்கன்று.

நிலாவரையில் என்னைக் கேள்வி கேட்ட மாணவனுக்குப் பின்னொரு நாள் இவற்றில் முக்கியமானவற்றைக் கூறினேன். அவன் வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொல்லியிருக்கிறான். மறுநாள் அவன் கொணர்ந்த கேள்வி இது: “சேர், காணிக்காரர் மோட்டர் போட்டு விடிய விடிய இறைக்கேக்க, நாங்கள் மட்டும் குறைச்சு இறைச்சால் ஆருக்கு லாபம் எண்டு அப்பா கேக்கிறார்.” நீர்ச்சமநிலை பற்றிய எந்த ஆய்வறிக்கையும் இக்கேள்வியோடு தொடங்கியதை நான் கண்டதில்லை. தொடங்க வேண்டிய இடம் அதுவே.